சவ்வில் இடம் இருக்கிறது

ஸ்வேதாவுக்கு அறுபத்தொன்பது வயது என்று அவருடைய முழங்கால்கள் சொல்லின. முப்பத்தாறு என்று உடல்வயது வாரியம் சொன்னது. சட்டப்படி முழங்கால்களுக்குச் சாட்சி சொல்லும் உரிமை கிடையாது. ஆகவே அவர் பட்டைத்துணியை முழங்காலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏ பச்சை, உங்க ஆபீசுல ஆளுங்கள நேர்ல பாக்கவே மாட்டீங்களா?" என்று வாரியத்தின் சான்றிதழை மகளிடம் நீட்டினார். "நான் மாடிப்படி ஏறி வந்து காட்டுனா போதுமே. எதுக்கு ரத்தத்த எடுத்து இம்சப்படுத்தறீங்க?"

பச்சைநாயகி சான்றிதழைப் படிக்காமலே மடித்து வைத்தாள். அந்த வாரியத்தில்தான் அவளுக்கு வேலை. அம்மாவின் ரத்தம் எந்த எண்ணில் வந்தது, எந்தக் கணினியில் ஓடியது என்று தெரிந்துகொள்ள ஊழியர்களுக்கு அனுமதி கிடையாது. முடிவு மட்டும் எல்லோரையும் போலத் தபாலில்தான் வரும். மூன்று வருஷமாக வருகிறது. ஒவ்வொரு தடவையும் அம்மா இன்னும் சின்னப்பெண்ணாகிக்கொண்டே போகிறார்.

கோயம்புத்தூரில் இப்போது கிழவிகளுக்கெல்லாம் ஸ்வேதா, ஐஸ்வர்யா, ஹரிணி என்றுதான் பெயர். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கோ பேரூர் அம்மன் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் திரும்பி வந்துவிட்டன. பெயரை வைத்து வயதைக் கணிக்கிற வழிகூட வாரியத்தின் வழியைவிட நம்பகமானது. ஆனால் அதற்கு அரசாணை இல்லை.

பிறந்த தேதியை வைத்து வயதைச் சொல்வது அறிவியலுக்குப் புறம்பானது என்று அரசு கண்டுபிடித்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஓய்வூதியம் கொடுத்து மாளாது என்று தெரிந்த வருஷமும் அதுதான், தற்செயலாக. அன்றிலிருந்து உடம்பு எப்போது ஓய்கிறதோ அப்போதுதான் ஓய்வு. உடம்பு ஓய்ந்துவிட்டது என்பதை உடம்பின் சொந்தக்காரர் சொல்லக் கூடாது, செல் சொல்ல வேண்டும்.

செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. கொழுப்பு மூலக்கூறுகள் தோளோடு தோள் உரசி நிற்கிற ஒரு படலம், அவ்வளவுதான். ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து, யாருடைய சவ்வில் என்ன கொழுப்பு, என்ன புரதம் என்று பார்ப்பார்கள். அதே கலவையில் ஒரு சின்னத் துண்டைக் கணினிக்குள் கட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்ச நேரம் ஆடவிடுவார்கள். ஆடி நிலைத்தபின் துண்டின் பரப்பைக் கொழுப்பு மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு மூலக்கூறுக்கு இவ்வளவு இடம் என்று ஒரு விடை வரும். அதற்குப் பெயர் தளர்வெண். இடம் தாராளமாக இருந்தால் இளமை. நெருக்கியடித்தால் முதுமை. அறுபதுக்குக் கீழே இறங்கினவர் வீட்டுக்குப் போகலாம், மற்றவர் வேலைக்குப் போகலாம்.

ஸ்வேதாவுக்கு அறுபத்தொன்பது. வயதும் தளர்வெண்ணும் ஒன்றாகவே வந்து நின்றதில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை.

ஸ்பின்னிங் மில்லில் அவர் சைடர். நூல் நூற்கிற ரிங் ஃபிரேம்களுக்கு நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும், எங்கே இழை அறுகிறதோ அங்கே ஓடி ஒட்ட வேண்டும். உட்காருவதற்கு இடம் கிடையாது, உட்கார்ந்தால் இயந்திரம் காத்திருக்காது. போன வருஷம் நிர்வாகம் அவருக்கு 'இளமைத் திலகம்' என்று ஒரு கேடயம் கொடுத்தது. அதை அவர் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக வைத்திருந்தார். இந்த மழைக்காலத்தில் இரண்டு தரம் ஃபிரேமுக்குப் பக்கத்தில் கால் மடங்கி விழுந்துவிட்டார். மூன்றாவது தரம் எங்கே விழுவார் என்பதுதான் பச்சைநாயகியின் பயம். சுற்றுகிற இயந்திரத்துக்கு மனிதர்களின் செல்வயதெல்லாம் தெரியாது.

தப்பு எங்கே இருக்கிறது என்பது ஒரு ஃபிளெக்ஸ் பேனரால் தெரியவந்தது.

வாரியத்தின் ஆண்டு விழாவுக்கு வாசலில் பேனர் வைக்க வேண்டும். இயக்குநர் ரித்தீஷின் படம் ஒரு பக்கம், மந்திரியின் படம் மறு பக்கம், நடுவில் 'நல்லா கலரா, சயின்ஸ் மாதிரி' ஏதாவது ஒன்று. அந்த நடுப்படத்தை எடுத்துத் தரும் பொறுப்பு பச்சைநாயகி தலையில் விழுந்தது. வாரியத்தில் யாரும் சவ்வைப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் துண்டுகள் ஓடுகின்றன, ஓடி முடிந்ததும் எண் வருகிறது, எண் சான்றிதழாகிறது. படத்தைத் திறந்து பார்ப்பது, சோற்றுப்பானைக்குள் ஒவ்வொரு பருக்கையாக எண்ணுகிற மாதிரி வெட்டி வேலை.

அவள் கைக்கு வந்த ஒரு துண்டைத் திறந்து மேலேயிருந்து பார்த்தாள். கொழுப்பு மூலக்கூறுகளுக்குப் பச்சை நிறம் கொடுத்தாள். நடுவில் ஒரு பெரிய கறுப்பு ஓட்டை தெரிந்தது. ஓட்டையா என்று கிட்டே போய்ப் பார்த்தால், அது ஓட்டையில்லை. காவல் புரதம்.

நடுக்கக் காய்ச்சல் வந்த வருஷம் எல்லோருக்கும் போட்ட ஊசியின் கைங்கரியம் அது. 'எல்லோருக்கும்' என்றால் மில்லுக்கும் கட்டட வேலைக்கும் துப்புரவுக்கும் வெளியே போயே தீர வேண்டியவர்களுக்கு. வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தவர்களுக்கு விலக்கு உண்டு. இயக்குநருக்கு விலக்கு, பச்சைநாயகிக்கும் விலக்கு. ஊசி போட்டவர்களின் சவ்வுக்குள் அந்தப் புரதம் புகுந்து, கிருமி நுழையாமல் காவலுக்கு உட்கார்ந்துகொண்டது. காய்ச்சல் போய்விட்டது. காவல்காரன் போகவில்லை.

பச்சைநாயகி கொஞ்ச நேரம் வகுத்தல் சூத்திரத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சூத்திரம் ஊசிக்கு முந்திய காலத்தில் எழுதியது. மேலே துண்டின் மொத்தப் பரப்பு, கீழே கொழுப்பின் எண்ணிக்கை. நடுவில் ஒருவன் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவன் பிடித்த இடத்தையும் சேர்த்துக் கொழுப்புக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காகிதத்தில் மட்டும்.

அன்றைக்கே உட்கார்ந்து இரண்டு பகுதிகளில் ஓர் அறிக்கை எழுதி முடித்தாள். அவ்வளவு கோபம்.

*

இயக்குநர் ரித்தீஷ் முட்டாள் இல்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய அறை அந்த மாடியிலேயே பெரியது, வருபவர் உட்கார சோபா, தேநீர் போட ஒரு மேடை, நடை பழக ஒரு டிரெட்மில் எல்லாம் உண்டு.

"எனக்கு ரெண்டே நிமிஷம் இருக்கு. சுருக்கமா சொல்லுங்க, பச்சைநாயகி."

"சார், நம்ம ஆண்டறிக்கையில இந்த மாடியில ஒரு ஊழியருக்கு நூறு சதுர அடி இடம்னு போட்டிருக்கோமுங்க."

"ஆமா. தாராளமான இடம். விருது கூட வாங்கினோம்."

"நாலாயிரம் சதுர அடி, நாப்பது பேரு. வகுத்தா நூறுதானுங்க. ஆனா அதுல ரெண்டாயிரம் உங்க ரூமுங்க."

ரித்தீஷ் சோபாவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "அதனால?"

"வெளிய நாங்க ஆளுக்கு அம்பதுல உக்காந்திருக்கோமுங்க சார். உங்க சுவத்த ஒட்டி மேசை போட்டிருக்கறவங்களுக்கு அதுவும் இல்லீங்க. நாற்காலிய பின்னால தள்ள முடியாம பக்கவாட்டுல எந்திரிச்சு வர்றாங்க."

"ஏம்மா, உங்களுக்கு இடம் பத்தலைன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்கில்லீங்க சார். சவ்வுக்கு." அவள் பேனருக்கு எடுத்த படத்தை மேசைமேல் வைத்தாள். "இந்தக் கறுப்பு, காவல் புரதமுங்க. இதோட இடத்த நம்ம கழிக்கவே இல்ல. அதையும் சேத்து வகுக்கறோம். ஊசி போட்டவங்க எல்லாரும் நம்ம கணக்குல வாலிபமா ஆயிட்டாங்க. நெஜத்துல கொழுப்பெல்லாம் முன்னவிட நெருக்கிட்டு நிக்குது. புரதத்த ஒட்டி நிக்கறதெல்லாம் ரொம்ப மோசமுங்க. அதத் தனியா எண்ணிப் பாக்கணும், அறிக்கையோட ரெண்டாம் பகுதியில எழுதியிருக்கேன்."

ரித்தீஷுக்கு முகம் மலர்ந்தது. தப்பைச் சொன்னால் கத்துவார் என்று தயாராகப் போனவளுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர் ஓய்வு பெற இன்னும் சில வாரங்களே இருந்தன. ஊசி போடாதவர், தளர்வெண் ஐம்பத்தேழு, ஆனைகட்டிப் பக்கம் மாந்தோப்பு வாங்கியாயிற்று. போகிற நேரத்தில் ஒரு சீர்திருத்தம் செய்துவிட்டுப் போனார் என்று பெயர் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

"பிரமாதம்! இத நானே குழுவுல வைக்கறேன். ஆனா அந்த ரெண்டாம் பகுதி வேண்டாம். ஒட்டி நிக்கறது, தள்ளி நிக்கறதுன்னு போனா மந்திரி தூங்கிடுவாரு. கழிச்சா போதும்." பேனாவால் இரண்டாம் பகுதியை ஒரே கோடாக அடித்தார்.

திருத்திய கணக்கில் ஊசி போட்டவர்கள் அத்தனை பேரும் ஐம்பத்துமூன்றை ஒட்டியே நின்றார்கள். அறுபதுக்கு எவ்வளவோ கீழே. அன்று மாலை பச்சைநாயகி வீட்டுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு போனாள்.

"அப்ப வேலைய விட்டரலாமா கண்ணு?" என்று ஸ்வேதா கேட்டார். கேட்கும்போதே முழங்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

"விட்டரலாம்மா. குழு ஒத்துக்கணும், அவ்வளவுதான். கணக்குத்தானே, மாட்டேன்னு எப்படிச் சொல்லுவாங்க?"

*

மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. நிதித்துறைச் செயலாளர் அம்மையார்தான் முதலில் கைதட்டினார்.

"தப்ப திருத்த வேண்டியதுதான், அதுல ரெண்டு பேச்சே இல்ல. பெருமைப்படறோம். ஆனா ஒரு சந்தேகம். கணக்கு தப்புன்னா, அந்தக் கணக்குக்கு வச்ச எல்லையும் தப்பாத்தானே இருக்கணும்?"

"இல்லீங்க மேடம். அறுபதுங்கறது ஊசிக்கு முன்னாடியே வச்ச எல்லை. அப்ப சவ்வுல இந்தப் புரதமே இல்ல. அது சரியான எல்லைதானுங்க."

"இவ்வளவு நுணுக்கம் நமக்கு வேண்டாம்மா. அறுபதுலயே நிறுத்தினா நாளைக்கு காலைல எத்தனை மில்லு ஓடும்? நீங்களே சொல்லுங்க."

குழுவில் இருந்த யாருக்கும் ஊசி போட்டதில்லை. ஆகவே எல்லை குறைந்தால் தங்களுக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. புதிய எல்லை ஐம்பத்தொன்று என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. கணக்கு திருந்தியது, எல்லையும் திருந்தியது, மில்லில் ஒரு கால்கூட நிற்கவில்லை. கூட்ட முடிவில் பச்சைநாயகிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

வீட்டில் ஸ்வேதா பொன்னாடையைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல ஜரிகை. அப்ப எனக்கு?"

"உனக்கு அதேதான்மா. இன்னும் போகணும்."

ஸ்வேதா பொன்னாடையை மடித்துக் கொடியில் போட்டார். அவர் திட்டியிருந்தால் பச்சைநாயகிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்து போய்க் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை பட்டைத்துணி காயவில்லை என்று அம்மா பொன்னாடையைக் கிழித்து முழங்காலில் சுற்றிக்கொண்டு மில்லுக்குப் போயிருந்தார்.

*

அடுத்த வாரம் இயக்குநரின் அறையிலிருந்து அழைப்பு வந்தது. ரித்தீஷ் சோபாவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கையில் அவருடைய சொந்தச் சான்றிதழ்.

"நாப்பத்தோரு வயசாம் எனக்கு!" என்றார். "வழியனுப்பு விழாவுக்கு மண்டபம் பிடிச்சாச்சு. மாமரத்துக்குச் சொட்டுநீர் போட்டாச்சு. இன்னும் இருபது வருஷம் இந்த நாற்காலியில உக்காரணுமாம்."

ஐம்பத்தேழு, ஐம்பத்தொன்றைவிடப் பெரியது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பச்சைநாயகிக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டாள்.

"ஏதாவது வழி சொல்லுங்கம்மா. உங்க கணக்குத்தானே இத்தனையும் பண்ணுச்சு?"

வழி இருந்தது. அவர் கோடு போட்டு அடித்த இரண்டாம் பகுதியில்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு அவரை இருபது வருஷம் அந்த நாற்காலியிலேயே உட்காரவைத்து வேடிக்கை பார்த்திருக்கலாம். ஆனால் அவளுக்கு அம்மாவின் கால் நினைவுக்கு வந்தது. இந்த மனிதருக்கு வலித்தால்தான் கோட்டை வரைக்கும் ஆள் போகும், கையோடு அம்மாவுக்கும் விடிந்துவிடும் என்று தோன்றியது.

"புரதத்த ஒட்டி நிக்கற கொழுப்ப மட்டும் எண்ணினா நாப்பத்தேழுதானுங்க சார் வருது. புது எல்லைக்கும் கீழ. ரெண்டாம் பகுதிய விதியாக்கிட்டா ஊசி போட்ட எல்லாருக்கும் ஓய்வு கெடைக்கும்."

"எனக்குத்தான் புரதமே இல்லையே?"

"ஊசி போட்டுக்கோங்க."

ரித்தீஷ் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு காரியம் நடந்த வேகத்தைப் பார்த்தால் அரசாங்கத்துக்குச் சோம்பல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நிதித்துறைச் செயலாளர் அம்மையாருக்கும் அதே வாரம் சான்றிதழ் வந்திருந்தது, அவருக்கு முப்பத்தொன்பது வயது. விதி வந்தது. ஒட்டி நிற்கிற கொழுப்பை எண்ணலாம், எண்ணி ஓய்வு கொடுக்கலாம். கடைசியில் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: இந்த விதி, இது வெளியாகும் நாளுக்குப் பின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கே பொருந்தும்.

அந்த வரியை எழுதியது யார் என்று கேட்டபோது ரித்தீஷ் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மில்லு ஓடணும் இல்லையாம்மா" என்றார். சட்டைக் கையை மடித்து ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்.

*

விதியை எழுதியவர்களைவிட மில் தொழிலாளர்கள் அதைக் கவனமாகப் படித்தார்கள். நாளுக்குப் பின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு என்றுதானே இருக்கிறது? முதல் ஊசியா, இரண்டாவது ஊசியா என்று எங்கேயும் இல்லையே? அதிகாரிகள் போட்டுக்கொள்வதற்காகச் சுகாதாரத் துறை திறந்த முகாம் எல்லோருக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமை காலை சிங்காநல்லூர் முகாமில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது.

பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் பச்சைநாயகிக்குத் தெரிந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். வழியில் ரித்தீஷைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கைபேசி அணைந்திருந்தது. அவர் தோப்புக்குப் போயிருப்பார்.

ஸ்வேதா வரிசையின் முன்னால் வந்துவிட்டிருந்தார், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க நிற்கிற மனுஷி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே வித்தியாசமாக இருந்தது.

"அம்மா, எந்திரி. வேண்டாம்மா. எங்க இயக்குநருக்கு அது மொத ஊசி, ஒண்ணும் பண்ணாது. உனக்குள்ள ஏற்கெனவே இருக்கு. இன்னொண்ணு உள்ள போனா சவ்வு தாங்காது. கொழுப்பெல்லாம் இறுகிக் கட்டியாப் போயிரும். நரம்புல சேதியே ஓடாது, காலு கையி ஒண்ணும் வராது. உசுருக்கே ஆபத்தும்மா!"

"காலு இப்ப மட்டும் வருதாக்கும்" என்றார் ஸ்வேதா.

நர்ஸ் சின்னப்பெண். பயந்துபோய்த் திரையைப் பார்த்தாள், பிறகு தெளிந்தாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கக்கா. ரெண்டாவது ஊசி தாங்குமான்னு பாத்துத்தான் போடறோம். இவங்க சவ்வுல ஒரு மூலக்கூறுக்கு அறுபத்தொம்பது இடம் இருக்குதுங்க. பச்சை விளக்கு எரியுது பாருங்க. தாராளமா இடம் இருக்கு."

பச்சைநாயகி திரையை எட்டிப் பார்த்தாள்.

"அது பழைய கணக்கு! தப்புன்னு நாங்க திருத்தியாச்சு! புரதத்தோட இடத்தையும் சேத்து..."

"நீங்க சொல்றது ஓய்வூதியத்துக்குத் திருத்துன கணக்குங்க. நாங்க சுகாதாரத் துறை. எங்களுக்கு சுற்றறிக்கை எதுவும் வரலீங்க."

பின்னாலிருந்து யாரோ ஒரு கிழவர், "அம்மிணி, பேசறதா இருந்தா அக்கட்டால போயி பேசுங்க, மதிய ஷிஃப்ட்டுக்குப் போவோணும்" என்று சத்தம் போட்டார். வரிசை முழுக்க அதே முகங்கள்தான், எல்லோரும் பழைய கணக்கில் முப்பது சொச்சம் வயதுக் கிழவன் கிழவிகள். ஒருவரும் அவள் சொன்னதைக் கேட்காமல் இல்லை. கேட்டும் நகரவில்லை.

பச்சைநாயகி அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குழந்தையைப் போல அழுதாள். ஸ்வேதா மற்றக் கையால் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, மகளின் தலையை ஒரு தரம் தடவினார்.

"விடு கண்ணு. உங்க கணக்கு ஒரு தடவையாச்சும் எனக்கு சாதகமா வரட்டும்" என்று சொல்லி நர்ஸிடம் கையை நீட்டினார்.